மூன்றாம் பூட்டு

வைப்பாறு வங்கி என்று பேர் வைத்தவர் பெரிய தீர்க்கதரிசி. அங்கே வைக்கலாம். எடுப்பதைப் பற்றி அந்தப் பேரில் ஒரு பேச்சும் இல்லை. சிவகாசிக் கிளையில் கணக்கு வைத்திருந்த பட்டாசுத் தொழிலாளர்களுக்கு இந்த உண்மை இரண்டாயிரத்துப் பத்தாம் வருஷம் ஆடி மாதத்தில்தான் விளங்கியது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு களவு. வடக்கே எங்கோ, யாரோ ஒருத்தருடைய ஆன்லைன் கணக்கின் ரகசியச் சொல்லை யாரோ திருடிவிட்டார்கள் என்று விருதுநகர் தலைமை அலுவலகத்துக்குச் செய்தி வந்தது. திருடனைப் பிடிப்பது போலீஸ் வேலை. வங்கியால் முடிந்தது வாடிக்கையாளர்களைப் பிடிப்பது. ஆகவே அத்தனை கணக்குகளையும் முடக்கிவிட்டு, 'முப்பூட்டுத் திட்டம்' என்று ஒன்றை அறிவித்தார்கள். மூன்று பூட்டையும் போட்டுக்கொண்டவருக்குத்தான் கணக்கு திறக்கும். அதுவரை பணம் போடலாம். அதற்கு ஒரு தடையும் இல்லை.

நாரணாபுரம் ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் முனியராஜுக்கு இதில் தலைபோகிற அவசரம் இருந்தது. மகள் எழிலுக்கு மதுரையில் நர்ஸிங் சீட் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஆன்லைனில் பீஸ் கட்டாவிட்டால் சீட் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். கைமாற்று வாங்கிக் கட்டிவிடலாமென்றால், பெற்றோர் கணக்கிலிருந்து வரும் பணத்தைத்தான் வாங்குவோம் என்றது கல்லூரி. அது அவர்கள் போட்ட பூட்டு. முனியராஜின் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவள் எழில் ஒருத்திதான். தான் கலக்கும் மருந்தை அவள் கலக்கக் கூடாது, வேறு மருந்து கலக்கட்டும் என்பதற்கு மேல் அவனுக்கு ஒரு வேண்டுதலும் இல்லை. சாமி வரம் கொடுத்துவிட்டது. பூசாரி வைப்பாறு வங்கியில் இருந்தார்.

திங்கட்கிழமை வங்கியில் பூட்டுப் போடும் விழா நடந்தது. வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். மேலாளர் சீனிவாசகம் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"மூணு பூட்டு. முதல் பூட்டு, உங்களுக்குத் தெரிஞ்ச ஒண்ணு. அதுதான் பாஸ்வேர்டு. ரெண்டாவது பூட்டு, உங்க கையில இருக்கற ஒண்ணு. அதுதான் செல்போன். அதுல ஒரு நம்பர் வரும், அதைக் குடுத்தாத்தான் அடுத்த கதவு திறக்கும். மூணாவது பூட்டு, நீங்களாவே இருக்கற ஒண்ணு. அதுதான் உங்க குரல்."

"நான் நானாத்தான் சார் இருக்கேன்," என்றான் முன் வரிசையில் உட்கார்ந்திருந்த முனியராஜ்.

"அதை நீங்க சொல்லக் கூடாது. சிஸ்டம் சொல்லணும்," என்றார் சீனிவாசகம். கூட்டம் கை தட்டியது. முனியராஜும் தட்டினான்.

முதல் பூட்டுக்கு அவன் 'பத்திரகாளி' என்று சொன்னான். கணினி முன்னால் இருந்த குமாஸ்தா உதட்டைப் பிதுக்கினார். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்து வர வேண்டுமாம்.

"தமிழ்ல பெரிய எழுத்து, சின்ன எழுத்து ஏது சார்?"

இதற்கு மேலாளரே வந்து பதில் சொன்னார். "அதுதான் பிரச்சினை. தமிழ் அம்புட்டுப் பாதுகாப்பான மொழி இல்ல. எல்லாருக்கும் புரிஞ்சிருது பாருங்க." பிறகு இரக்கப்பட்டு, வங்கியின் பேரை ஆங்கிலத்தில் எழுதி ஓர் ஒன்றைச் சேர்த்து அதையே எல்லாருக்கும் பாஸ்வேர்டாகப் போட்டுக் கொடுக்கச் சொன்னார். மைக்கில் அதை எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்டினார். கடைசியில், "இதை யாருகிட்டயும் சொல்லிறாதீங்க" என்று எச்சரிக்கையும் செய்தார்.

அடுத்து, ஆளை அடையாளம் காண்பதற்கான கேள்விகள்.

"உங்க அம்மாவோட, கல்யாணத்துக்கு முந்தின பேரு?" என்று கேட்டார் குமாஸ்தா.

"பஞ்சம்மா."

"கல்யாணத்துக்கு அப்பறம்?"

"அப்பறமும் பஞ்சம்மாதான்."

"மாறலயா? மாறலன்னா கல்யாணம் ஆனதுக்கு என்ன ஆதாரம்?"

முனியராஜ் தன்னையே தொட்டுக் காட்டினான். அதைத் தட்டச்சு செய்ய முடியாது என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கேள்விக்குப் போனார். முதன்முதலில் ஏறிப்போன சொந்த வாகனத்தின் பெயர் என்ன? முனியராஜுக்குச் சொந்தமாகச் சைக்கிள் உண்டு, அதற்குப் பேர் கிடையாது. தினமும் ஏறிப்போகும் கம்பெனி வேனின் நெற்றியில் 'பத்திரகாளி துணை' என்று எழுதியிருப்பதைச் சொன்னான். ஏற்றுக்கொண்டார்கள். செல்லப்பிராணி? கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடா ஒன்று வீட்டில் நின்றது. அதற்கு அந்த இடத்திலேயே கருப்பன் என்று பேர் வைத்தான்.

மூன்றாம் பூட்டை மட்டும் அங்கே போட முடியாதாம். "மெட்ராஸ்ல இருந்து கம்ப்யூட்டரே உங்களுக்குப் போன் பண்ணும். ஆபீஸ் நேரத்துல எப்ப வேணாலும் வரும். மூணாவது மணி அடிக்கறதுக்குள்ள எடுத்து, கேக்கறதுக்குப் பதில் சொல்லணும். குரலைப் பதிஞ்சுக்கும். எடுக்கலன்னா கணக்கு திரும்பப் பூட்டிக்கும்," என்றார் சீனிவாசகம்.

பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் போகாது. பீடி, தீப்பெட்டி, செல்போன் மூன்றும் கேட்டிலேயே இறங்கிவிட வேண்டும். ஒரு பொறி போதும். மருந்துக்கு யார் வீட்டுப் பிள்ளை என்றெல்லாம் பார்க்கத் தெரியாது.

"சார், நான் ஆபீஸ் நேரத்துலதான கம்பெனிக்குள்ள இருப்பேன். அங்கன செல்லு விட மாட்டாகளே."

"செல்போன் கொண்டுபோக முடியாத எடத்துல ஏன் வேலை பாக்கறீங்க? பாதுகாப்பில்லாத எடமால்ல இருக்கும்?"

"செல்லு உள்ள வந்தாத்தான் சார் பாதுகாப்பில்ல."

"அது உங்க பாதுகாப்பு," என்றார் சீனிவாசகம் பொறுமையாக. "நான் சொல்றது கணக்கோட பாதுகாப்பு."

மறுநாள் காலையிலிருந்து கம்பெனி வேன் பள்ளிக்கூடமாகிவிட்டது. அந்த வேனில் வரும் முக்கால்வாசிப் பேருக்கு அதே வங்கிதான். பதில் மறந்துபோய்க் கணக்கு போய்விடக் கூடாதே என்று ஆளாளுக்குத் தங்கள் ரகசியத்தைச் சத்தமாகச் சொல்லிப் பழகிக்கொண்டே வந்தார்கள். கேட்டில் இறங்கிச் செல்போனை ஒப்படைக்கிற வரையிலும் சொன்னார்கள். கேட்டுக் காவலர் தங்கச்சாமி, மரப்பெட்டியில் ஒவ்வொரு செல்லையும் அதனதன் அறையில் வைத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கம்பெனியில் யாருடைய ஆத்தா பேர் என்ன, யார் வீட்டு ஆட்டுக்கு என்ன பேர் என்பதெல்லாம் இரண்டே நாளில் அவருக்கு மனப்பாடமாயிற்று. அவர் ஒன்றும் பாடுபட்டுப் படிக்கவில்லை. காது திறந்திருந்தது, அவ்வளவுதான்.

முனியராஜ் செவ்வாய்க்கிழமை, போன் வந்ததும் வேலைக்குப் போய்விடலாமென்று, கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு, தன் பதில்களைச் சத்தமாகச் சொல்லிப் பழகியபடி உட்கார்ந்திருந்தான். போன் வரவில்லை. புதன்கிழமையும் உட்கார்ந்தான். ஒன்றுக்கு இருக்கக்கூட எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் போர்மேன் மாரிக்கண்ணன் வந்தார்.

"தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல கெடக்கு. மருந்து கலக்க ஆளில்லாம அம்புட்டுப் பேரும் கையக் கட்டிட்டு உக்காந்திருக்காக. நாளைக்கு நீ உள்ள வரலன்னா வேற ஆளப் போடச் சொல்லிட்டாரு மொதலாளி. என்னையக் கொற சொல்லாத."

வியாழக்கிழமை முனியராஜ் வாழ்க்கையில் செய்யாத காரியம் ஒன்றைச் செய்தான். செல்போனைச் சத்தமில்லாமல் அதிரும்படி வைத்து, வேட்டி மடிப்புக்குள் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டான். தங்கச்சாமி கேட்டபோது, வீட்டில் வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னான். பல வருஷமாகப் பழகிய ஆள். தங்கச்சாமி சட்டைப்பையை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்.

மருந்து கலக்கும் அறையில் அவனும், மருந்து சலிக்கும் பேச்சியம்மாளும்தான். வெறுங்காலோடு ரப்பர் விரிப்பில் உட்கார்ந்தார்கள். அலுமினியத் தூள் வெயிலில் மினுங்கிக்கொண்டு காற்றில் மிதந்தது. பேச்சியம்மாள் சல்லடையை மெதுவாக ஆட்டிக்கொண்டே, "எழிலுக்கு வெள்ளச் சட்டை தைக்கக் குடுத்தாச்சா? எம்மவகிட்டச் சொல்லிருக்கேன், அக்கா மாரி நீயும் படிக்கணும்டின்னு," என்றாள்.

முனியராஜின் கை நின்றது. இடுப்பில் கட்டியிருந்த சாமான் எந்த நிமிஷமும் துள்ளலாம். துள்ளினால் அவன் பதறுவான். பதறினால் கை எதிலாவது இடிக்கும். மெட்ராஸில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு இங்கே சல்லடை ஆடுவது தெரியாது. தன் பிள்ளைக்காக இந்தப் பொம்பளையின் பிள்ளைகளை அநாதையாக்கப் பார்த்தோமே என்று அவனுக்கு வந்த வெட்கத்தைச் சொல்லி முடியாது. வேர்வை ஒரு சொட்டு மருந்தில் விழுந்துவிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஆட்டாதக்கா. அப்படியே வச்சிட்டு வெளிய வா," என்றான்.

அவன் முகத்தைப் பார்த்து அவள் சல்லடையை வைத்துவிட்டு எழுந்தாள். அவள் தள்ளிப் போகிறவரை அவன் அசையவில்லை. பிறகு நிறைகுடம் சுமந்தவன் மாதிரி அடிமேல் அடிவைத்து நடந்தான். ஓடக் கூடாது. ஓடினால் போன் உரசும். மற்ற அறைகளில் பெண்கள் திரி வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவனால் சிரிக்க முடியவில்லை. கேட்டைத் தாண்டி வெளியே வந்து, மடியை அவிழ்த்து, போனைத் தங்கச்சாமியின் கையில் வைத்தான்.

தங்கச்சாமிக்குக் கண் சிவந்தது. "ஏலே, நீயா? வெடி மருந்துக்குள்ள இத வச்சுக்கிட்டா..." என்று கையை ஓங்கினார். அந்தக் கையிலேயே போன் அதிர்ந்தது.

முனியராஜ் வாயைத் திறந்தான். காற்றுத்தான் வந்தது. பயத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. போன் இரண்டாம் முறை அதிர்ந்தது. அவன் தங்கச்சாமியைக் கையெடுத்துக் கும்பிட்டான். தங்கச்சாமி ஓங்கிய கையைக் காதுக்குக் கொண்டுபோனார்.

"வணக்கம். வைப்பாறு வங்கி. உங்கள் பெயரைச் சொல்லவும்," என்றது ஒரு பெண்குரல்.

தங்கச்சாமி முனியராஜைப் பார்த்தார். அடங்காத கோபத்தோடு, கேட்டில் அதட்டுகிற அதே குரலில் சொன்னார். "முனியராசு."

தாயார் பெயர் கேட்டது. பஞ்சம்மா. வாகனம் கேட்டது. பத்திரகாளி துணை. செல்லப்பிராணி கேட்டது. கருப்பன். ஒரு இடத்திலும் தட்டவில்லை. கடைசியில், "எனது குரலே எனது பூட்டு" என்று திருப்பிச் சொல்லச் சொன்னது. அதையும் அதட்டினார். "நன்றி, முனியராஜ் அவர்களே. தாங்கள் தாங்கள்தான் என்பது உறுதி செய்யப்பட்டது," என்று வைத்துவிட்டது.

"முடிஞ்சதுலே," என்றார் தங்கச்சாமி. முனியராஜ் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதான். முடிந்தது என்றுதான் அவனும் நினைத்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வங்கியில் கணினி முன்னால் உட்கார்ந்தான். பாஸ்வேர்டுக்கு முதல் கதவு திறந்தது. செல்லில் வந்த நம்பருக்கு இரண்டாம் கதவு திறந்தது. போன் வந்தது. "எனது குரலே எனது பூட்டு," என்றான்.

"தாங்கள் முனியராஜ் இல்லை," என்றது பெண்குரல்.

சீனிவாசகம் தன் அறையிலிருந்து ஓடிவந்தார். விஷயத்தை முழுதாகக் கேட்டார். அவர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? மூணாவது பூட்டு எப்படி வேலை செய்யுது! வெள்ளோட்டத்துலயே ஒரு ஆள மாட்டிவிட்டிருச்சே!"

"சார், என் மூஞ்சி உங்களுக்குத் தெரியாதா?"

"நல்லாத் தெரியும். எங்க வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் பட்டாசுப் பெட்டி தூக்கிட்டு வந்ததே நீங்கதான. ஆனா மூஞ்சி நம்ம திட்டத்துல இல்ல."

"அப்ப குரல மாத்திக் குடுங்க சார்."

"தாராளமா மாத்தலாம். பழைய குரல்ல கூப்பிட்டு விண்ணப்பம் பண்ணணும். ஒரு மாசத்துல வந்துரும்."

"இன்னைக்குச் சாயங்காலம் சார். எம் புள்ளைக்குச் சீட்டு சார்."

"உணர்ச்சிக்கு எடம் குடுத்தா அது எப்படிப் பாதுகாப்பாகும்?" என்றார் சீனிவாசகம். அவர் கெட்டவர் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

முனியராஜ் சைக்கிளை எடுத்து நாரணாபுரம் ரோட்டில் மிதித்த மிதிக்குச் செயின் அறுந்திருக்க வேண்டும். கேட்டை விட்டு நகர மாட்டேன் என்று தங்கச்சாமி ஒற்றைக்காலில் நின்றார். கடைசியில் போர்மேன் மாரிக்கண்ணனே ஸ்டூலைப் போட்டுக் கேட்டில் உட்கார்ந்தார். அவருக்கும் அதே வங்கியில்தான் கணக்கு. நாளைக்குத் தனக்கும் இதே கதிதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தங்கச்சாமியைச் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது கல்லூரி கணக்கை மூட அதிக நேரம் இல்லை.

சீனிவாசகம் எழுந்து வந்து தங்கச்சாமியின் கையைக் குலுக்கினார். "வாங்க முனியராஜ், உக்காருங்க." பிறகு முனியராஜைப் பார்த்தார். "நீங்க கூட வந்தவரா? வெளிய பெஞ்சுல இருங்க. உள்ள வேற குரல் கேட்டா லைன் கட்டாயிரும்."

முனியராஜ் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்தான். பக்கத்தில் காதில் பீடி செருகிய வெம்பக்கோட்டைக்காரர் ஒருத்தர் தூங்கிக்கொண்டிருந்தார். உள்ளே போன் வந்தது. குமாஸ்தா ஒலிபெருக்கியில் போட்டார். பேர் பொருந்தியது. தாயார் பொருந்தினாள். கிடா பொருந்தியது. பெரிய தொகை என்பதால் புதிதாக ஒரு கேள்வி வந்தது.

"பணம் எதற்காக என்று தங்கள் வாயால் சொல்லவும்."

தங்கச்சாமிக்குப் பிள்ளைகுட்டி இல்லை. இது முனியராஜுக்குத் தெரியும், மெட்ராஸ் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. "எம் மக..." என்று ஆரம்பித்தவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. "எம் மக நர்சு படிக்கப் போறா," என்று கரகரத்த குரலில் முடித்தார்.

"குரல் பொருந்தவில்லை. இன்னும் ஒரு வாய்ப்பு மட்டுமே உள்ளது."

தங்கச்சாமி நெஞ்சைத் தடவிக்கொண்டார். சீனிவாசகம் கடிகாரத்தைப் பார்த்தார். முனியராஜ் எழுந்து நின்றான். உள்ளே போக முடியாது, வாயைத் திறக்க முடியாது. இந்த மனுசன் இப்படி உருகினால் எழில் நாளையிலிருந்து திரி வெட்டத்தான் போக வேண்டும். பதிவான குரல் அதட்டும் குரல். அது வேண்டும். சட்டென்று வெம்பக்கோட்டைக்காரரின் காதிலிருந்த பீடியை உருவித் தன் வாயில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு நேரே போய், தீக்குச்சி உரசுவதுபோல் கையை உரசிக் காட்டினான்.

தங்கச்சாமி நிமிர்ந்தார். இருபது வருஷக் கேட்டுக் காவல் அவர் முகத்தில் வந்து நின்றது.

"எம் மக நர்சு படிக்கப் போறா," என்று அதட்டினார்.

முனியராஜ் பீடியைக் கடித்துத் துண்டாக்கிவிட்டான்.

"நன்றி, முனியராஜ் அவர்களே. தொகை செலுத்தப்பட்டது."

அச்சு இயந்திரம் ரசீதைத் துப்பியது. கல்லூரிப் பேரும் எழில் பேரும் அதில் இருந்தன. தங்கச்சாமியிடம் அதைக் கொடுத்துவிட்டு, மாதிரி வாடிக்கையாளர் என்று அவரை நிறுத்தி ஒரு போட்டோவும் எடுத்தார்கள். சீனிவாசகம் வெளியே வந்து முனியராஜின் தோளில் கை போட்டார்.

"இப்ப சந்தோஷமா? இனிமே அந்தக் கணக்க ஆண்டவனே நெனச்சாலும் தொட முடியாது."

"அப்ப நான் யாரு சார்?"

சீனிவாசகம் குரலைத் தாழ்த்தினார். "தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் கணக்குக்கு ஆபத்துன்னு ஒண்ணு இருந்தா அது நீங்கதான். பாஸ்வேர்டு தெரியும், செல்போன் உங்க கையில, அம்மா பேருல இருந்து ஆட்டுப் பேரு வரைக்கும் தெரிஞ்சு வச்சிருக்கீங்க. முனியராஜை நாங்க உங்ககிட்ட இருந்துதான் காப்பாத்தணும்."

"சரிங்க சார். காப்பாத்துங்க," என்றான். எழிலுக்குச் சீட் கிடைத்துவிட்டது. அந்த நேரத்தில் அவனை யார் என்ன சொல்லியிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பான்.

வாசற்படியில் தங்கச்சாமி ரசீதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, படிக்கத் தெரியாவிட்டாலும் பார்த்துக்கொண்டு நின்றார். அவனைக் கண்டதும் நீட்டினார்.

"இந்தாலே, முனியராசு," என்றார். அன்றைக்கு அவனை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர் அவர் ஒருத்தர்தான்.